புனித பொசானின் முகம்

சார்னிசெல் ஊரில் ஸெலி மார்ஷொதோன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சாவிக்கார ஸெலி என்று கேட்க வேண்டும். கோயில் சாவி அவள் வீட்டில் ரொட்டிப் பெட்டிக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. நல்ல இரும்பு, ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். கோயிலை ஒட்டிய அந்த வீடு யாருக்கோ அவளுக்குத்தான் சாவி என்பது ஊர் வழக்கம். அம்மா போனபின் வீடு மூத்தவள் ஸெலிக்கு வந்தது, கூடவே சாவியும் வந்தது. இளையவள் எர்னெஸ்தினுக்குச் செம்புப் பானைகளும் ஒரு பசுமாடும் கிடைத்தன.

"உனக்குச் சாமி, எனக்கு மாடு. மாடாவது பால் குடுக்கும்" என்று எர்னெஸ்தின் அக்காவைச் சீண்டுவாள்.

"சாமியும் குடுக்கும். உனக்கு வாங்கத் தெரியல" என்பாள் ஸெலி.

ஸெலிக்குச் சாமி கொடுத்தது கொஞ்சம்தான், சும்மா சொல்லக்கூடாது. வசந்தத்தில் கல்யாணம், ஆகஸ்டில் யுத்தம். புருஷன் போனான், அவன் பெயர் மட்டும் கோயில் சுவரில் பளிங்குப் பலகையில் மற்றப் பெயர்களோடு சேர்ந்து திரும்பி வந்தது. அதற்கப்புறம் அவளுக்குக் கோயில்தான் குடித்தனம். பீடத்துணி துவைப்பாள், மெழுகு சுரண்டுவாள், வௌவால் எச்சத்தைக் கூட்டித் தள்ளுவாள், மணி அடிப்பாள். வடக்குப் பக்கக் கூரை ஒழுகும். மழை நாளில் அந்தப் பக்கத்துக்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு பூசை காண்பார்கள். தெற்குப் பக்கத்துக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். இது ஒரு கோயிலா என்று பங்குச் சாமியார் தலையில் அடித்துக்கொள்வார். பாவம், நாலு ஊருக்கு ஒரே சாமியார், சைக்கிளில் நனைந்துகொண்டே வருவார்.

ஆனால் எங்கள் ஊரின் பெருமை கூரையில் இல்லை. வடக்குச் சுவரில், ஆள் உயரத்தில், ஒரு மாடத்தில் புனித பொசான் நின்றார். வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லில் செய்த சுரூபம். நின்றார் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். நிற்கக் கால் எங்கே இருந்தது? காலையும் முட்டியையும் கையையும் வயிற்றையும் எங்கள் ஊர்ப் பெண்கள் எப்போதோ தின்றுவிட்டார்கள்.

அதுதான் வழக்கம். பிள்ளை இல்லாதவள் பொசானின் கல்லைக் கொஞ்சம் சுரண்டி, தூளை வெள்ளை ஒயினில் கலக்கிக் குடிப்பாள். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் ஞானஸ்நானத்தில் அதை ஏந்திய ஞானத்தாய் வந்து தன் கையால் சுரண்டி, ஒயினில் தண்ணீர் விட்டுக் குழந்தைக்குக் கொடுப்பாள். பெற்றவள் சுரண்டினால் பலிக்காது, ஞானத்தாய் கைதான் வேண்டும். சாமியார்கள் ஒவ்வொருவராக வந்து திட்டிவிட்டுப் போனார்கள். கடவுளாவது கத்தரிக்காயாவது என்று பேசுகிற எங்கள் மேயர்கூட, அவர் பெண்சாதி பின்வாசல் வழியாக வந்து தூள் வாங்கிப் போனபோது மரத்தடியில் புகைபிடித்துக்கொண்டு வேறு திசையைப் பார்த்து நின்றார்.

ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது. முகத்தைத் தொடக்கூடாது. முகம் போனால் பொசானுக்கு நம்மை அடையாளம் தெரியாமல் போய்விடும் என்று பெண்கள் சொல்வார்கள். சாவிக்காரியின் வேலை பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொள்வதுதான். ஸெலி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். கத்தி கழுத்துக்கு மேலே போனால், "ஏய், கை எங்க போவுது? உன் புருஷன் மூஞ்சியச் சுரண்டு போ!" என்று கத்துவாள். அதனால் அந்த முகம் தப்பித்தது. வாய் ஒரு பக்கம் மட்டும் லேசாகச் சிரிக்கும், மற்றப் பக்கம் சிரிக்காது. வீட்டில் என்ன சமையல் என்று தெரிந்துகொண்டே கேட்கிறவர் மாதிரி இருப்பார்.

எர்னெஸ்தினுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லை. புருஷன் ஒனெசிம் நல்ல உழைப்பாளி, வாய் திறக்காத மனுஷன். ஒரு நாள் ஸெலியே மெழுகு சுரண்டும் கத்தியை எடுத்துப் பொசானின் விலாவில் மிச்சமிருந்ததைச் சுரண்டித் தங்கையைக் குடிக்க வைத்தாள். மறுவருஷம் லூசெத் பிறந்தாள். ஞானத்தாய் யார்? வேறு யார், ஸெலிதான். அன்றிலிருந்து அவள் வாழ்க்கையில் கோயில் இரண்டாம் இடத்துக்குப் போயிற்று. பெண்ணைத் தூக்கிக்கொண்டே மணி அடித்தாள். நடக்கத் தொடங்கியதும் லூசெத் மரச்செருப்பு டக்டக்கென்று கேட்கக் கோயிலுக்குள் ஓடி, பொசானின் முன்னால் நின்று தானும் வாயை ஒரு பக்கமாகக் கோணிக் காட்டும். ஸெலி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

லூசெத்துக்கு ஐந்து வயது நடந்த இலையுதிர் காலத்தில் பாரிசிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பழைய கட்டடங்களைக் காப்பாற்றும் அரசாங்க இலாகா. ஒழுகும் கூரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு பொசானிடம் வந்தார். நாற்காலி கேட்டார், ஏறினார், விளக்கை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். இறங்கும்போது தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அறுநூறு வருஷத்துச் சிரிப்பு அம்மா இது. இந்த மாதிரி ஒண்ண நான் பார்த்ததில்ல. உடம்பெல்லாம் என்னாச்சு?"

ஸெலி சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"போனது போகட்டும். இந்த முகத்துக்காக இந்தக் கோயிலையே அரசாங்கப் பட்டியல்ல சேர்த்துடலாம். கூரைய அவங்களே போட்டுக் குடுப்பாங்க. நான் வசந்தத்துல பாஸ்காத் திருவிழா முடிஞ்சு திரும்பி வருவேன். அதுவரைக்கும் இதுலேர்ந்து ஒரு தூள்கூட உதிரக்கூடாது. கழுத்து, தோள், எதுவுமே. நீங்கதான் காவல்." என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஸெலிக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய மனுஷர் ஒருவர் அவள் கையைப் பிடித்து, தொப்பியைக் கழற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை சாமியார் பிரசங்கத்தில் அவள் பெயரைச் சொல்லி, இனி சுரண்டல் கிடையாது என்று அறிவித்தபோது அவள் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அன்றிலிருந்து சாவியை ஆணியில் மாட்டவில்லை. இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

ஜனவரியில் ஆலைக்காரி ஃபிலொமேன் வந்து நின்றாள். அவள் பிள்ளைக்கு உடம்பு அனலாகக் கொதிக்கிறது என்றாள். ஸெலி கதவைத் திறக்கவில்லை. "கோயில் கூரை ஒழுகுதே, அது உனக்குத் தெரியலையா?" என்றாள். ஃபிலொமேன் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போனாள். பிள்ளை தானாகவே தேறிவிட்டது. "பாத்தியா?" என்று ஸெலி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அந்தப் பெருமைதான் அவளைக் கெடுத்தது என்பேன் நான்.

அதற்கடுத்த வாரம் லூசெத் படுத்தாள். பனி முழங்கால் வரை கொட்டிக் கிடந்தது. ஒனெசிம் டவுனிலிருந்து டாக்டரைக் கூட்டிவரக் குதிரையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினான். அவன் போன கொஞ்ச நேரத்தில் எர்னெஸ்தின் தலையில் துணிகூடப் போடாமல் ஓடி வந்தாள். ஸெலி பீடத்துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வா. கத்திய எடுத்துக்க. பிள்ளைக்கு மூச்சு இழுக்குது."

ஸெலி இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தாள். "இரு, நானும் வர்றேன், வந்து பிள்ளையப் பாக்கறேன். டாக்டர் வந்துடுவாரு."

"டாக்டர் வரும்போது வரட்டும். முதல்ல தூள் எடு. நீதானே அவளுக்கு ஞானத்தாய்? உன் கைதான் சுரண்டணும்."

"எர்னெஸ்தின், நான் வாக்குக் குடுத்திருக்கேன்டி."

"யாருக்கு? அந்தத் தொப்பிக்காரனுக்கா?"

"சாமியாருக்கு, ஊருக்கு. போன வாரம் ஃபிலொமேனத் துரத்தியடிச்சேன். இப்ப என் தங்கச்சிக்கு மட்டும் திறந்தேன்னா ஊரு காறித் துப்பாதா?"

"துப்பட்டும்! தொடச்சுக்க! முகத்தையா கேட்டேன்? தோள்ல ஒரு சிட்டிகை. பின்னால, யாரு கண்ணுலயும் படாத இடத்துல. ஒரே ஒரு சிட்டிகை, அக்கா."

"அது வெறும் கல்லுடி. சாமியாரே சொல்றாரு. கல்லக் குடிச்சா காய்ச்சல் போயிடுமா?"

எர்னெஸ்தின் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்குப் பிள்ளை வேணும்னு நீதானே குடிக்க வெச்ச? அன்னைக்கு அது கல்லு இல்லையா?"

மாட்டிக்கொண்டவர்கள் செய்கிறதையே ஸெலியும் செய்தாள், கோபப்பட்டாள். "அதெல்லாம் அப்ப. போ, பிள்ளைய விட்டுட்டு இங்க நின்னு பேசிக்கிட்டிருக்காத" என்றாள். எர்னெஸ்தின் சட்டென்று அவள் இடுப்புச் சாவியைப் பிடித்து இழுத்தாள். ஸெலி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். தங்கை பனிக்குள் திரும்பி நடந்தாள். ஸெலி பின்னாலேயே போனாள். ஆனால் எர்னெஸ்தின் வீட்டுக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினாள், கூப்பிட்டாள், ஜன்னலைத் தட்டினாள். திறக்கவில்லை.

டாக்டர் மறுநாள் நடுப்பகலில்தான் வந்து சேர்ந்தார். மார்ச்சளி கட்டிப்போயிற்று, நேற்றே வந்திருந்தாலும் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று சொன்னார். லூசெத் அன்று சாயங்காலம் போய்விட்டாள்.

ஊரில் எல்லாரும் ஸெலியிடம் நியாயமாகத்தான் பேசினார்கள். கல்தூள் என்ன செய்யும், நீ செய்தது சரிதான் என்று சாமியார் சொன்னார். ஃபிலொமேன்கூட வந்து, "நீ யாருக்கும் ஓரவஞ்சனை பண்ணல" என்றாள். அதைக் கேட்டபோதுதான் ஸெலிக்குத் தாங்கவில்லை. தூள் காப்பாற்றாது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தங்கை கேட்டது தூளை மட்டும் இல்லை. பிள்ளை தவிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்காராமல் செய்ய ஏதோ ஒன்று கேட்டாள். அதைக்கூடக் கொடுக்காமல் ஸெலி பூட்டி வைத்துக்கொண்டாளே!

அடக்கத்துக்கு ஸெலிதான் மணி அடித்தாள். எல்லாரும் கல்லறைத் தோட்டத்திலிருந்து போனபின் கோயிலைப் பூட்ட உள்ளே வந்தாள். பொசான் வழக்கம்போல ஒரு பக்கமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். லூசெத் கோணிக் காட்டிய அதே வாய்.

"சிரிக்கிறியா?" என்றாள் ஸெலி. "அவ மூஞ்சி மண்ணுக்குள்ள போயிடுச்சு, உனக்கு இன்னும் சிரிப்பா?"

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். மெழுகுக் கத்தியை எடுத்தாள். முதலில் வாயைச் சுரண்டினாள். பிறகு மூக்கு, பிறகு கண். மெத்துக் கல், அழுத்தினால் வந்துவிடும். ஒரு கையால் கைக்குட்டையைக் கீழே ஏந்திக்கொண்டு, ஒரு பொட்டுத் தூள்கூடத் தரையில் விழாமல் சுரண்டினாள். பழகிய கை அல்லவா! முகம் இருந்த இடம் பிசைந்த மாவு மாதிரி ஆனபிறகுதான் நிறுத்தினாள்.

கைக்குட்டையை முடிந்து நேரே தங்கை வீட்டுக்குப் போனாள். இந்தத் தடவை ஒனெசிம் கதவைத் திறந்துவிட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டான். எர்னெஸ்தின் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஸெலி முடிச்சை மேஜையில் வைத்தாள்.

"முழு முகத்தையும் எடுத்துட்டேன்" என்றாள். "இந்தா."

எர்னெஸ்தின் முடிச்சை அவிழ்த்தாள். வெள்ளைத் தூளை ரொம்ப நேரம் பார்த்தாள். "இப்ப இத வெச்சு நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள். குரலில் கோபம்கூட இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்கிறவள் மாதிரி கேட்டாள். பிறகு அதை முடிந்து அடுப்பு மேடைக்கு மேலே உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தாள். ஸெலி அங்கே நின்று நின்று, பிறகு வெளியே வந்தாள்.

பாஸ்கா முடிந்து அதிகாரி மோட்டார் வண்டியில் வந்தார். வண்டிச் சத்தம் கேட்டுப் பாதி ஊர் கோயிலுக்குள் கூடிவிட்டது. விஷயம் எல்லாருக்கும் தெரியும். அவர் விளக்கைத் தூக்கிப் பார்த்தார்.

"யாரு?" என்றார். "யாரு செஞ்ச வேலை இது?"

சாமியார் தரையைப் பார்த்தார். மேயர் மீசையைத் தடவினார். ஸெலி சாவியைப் பிடித்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாள். நான் என்று சொல்லத்தான் வந்தாள். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"எனக்காகத்தான் ஐயா."

எர்னெஸ்தின்! அடக்கத்துக்குப் பிறகு அவள் கோயிலுக்குள் கால் வைத்ததே அன்றுதான். கறுப்பு உடுத்தியிருந்தாள். எங்கள் ஊரில் அந்த வயசுப் பெண்கள் எல்லாரும் கறுப்புத்தான் உடுத்துவார்கள், இது துக்கக் கறுப்பு என்று பாரிஸ்காரருக்கு என்ன தெரியும்?

"என் பொண்ணுக்குக் காய்ச்சல் ஐயா. மூச்சு இழுத்துச்சு. அக்காகிட்ட ஓடி வந்து கேட்டேன். அக்காதான் அவளுக்கு ஞானத்தாய், அவ கைதான் சுரண்டணும். கேட்ட உடனே அக்கா கதவத் திறந்தா. வேற எதையும் நினைக்கல. நல்லாப் பலிக்கணும்னு முகத்தையே சுரண்டிக் குடுத்துட்டா. ஒயின்ல கலக்கிக் குடுத்தோம்."

அதிகாரி பல்லைக் கடித்தார். மூடத்தனம், காட்டுமிராண்டித்தனம், அறுநூறு வருஷம் என்று என்னென்னவோ சொன்னார். பிறகு, கெட்ட மனுஷர் இல்லை, குரலைத் தணித்துக் கேட்டார்.

"குழந்தைக்கு இப்ப எப்படி இருக்கு?"

"நல்லாயிட்டா ஐயா. விடியறதுக்குள்ள வேர்த்துக் கொட்டிக் காய்ச்சல் இறங்கிடுச்சு. எழுந்து உக்காந்து சூப் கேட்டா. ரெண்டு கிண்ணம் குடிச்சா."

"எங்க இப்ப?"

"பள்ளிக்கூடம் போயிருக்கா."

அத்தனை பேரும் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு செருப்புக்கூட நகரவில்லை. அதிகாரி சரி என்று தலையாட்டிவிட்டு விளக்கை அணைத்தார். கோயில் பட்டியலில் சேரவில்லை. வடக்குக் கூரை இரண்டு மழைக்காலம் தாக்குப்பிடித்தது, மூன்றாவதில் விழுந்தது. முனிசிபாலிட்டி அந்தப் பக்கத்தைப் பொசானோடு சேர்த்துச் செங்கல் வைத்து அடைத்துவிட்டது. குடை பிடித்தவர்களும் சிரித்தவர்களும் தெற்குப் பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சுரண்டுவதற்கு முகம் போன நாளிலிருந்தே யாரும் வரவில்லை. பொசானுக்குத்தான் யாரையும் அடையாளம் தெரியாதே.

ஸெலி அதற்கப்புறமும் வெகுகாலம் வாழ்ந்தாள். இன்னொரு யுத்தம் வந்து போனது. தெருவில் பார்த்தால் எர்னெஸ்தின் தலையாட்டுவாள், பனி பெய்யும் போலிருக்கிறது என்பாள், முட்டை வேண்டுமா என்பாள். அக்கா என்று மட்டும் கூப்பிடவில்லை. அன்று கோயிலில் சொன்னதோடு சரி. தங்கை அப்படி ஏன் சொன்னாள்? தன்னைக் காப்பாற்றவா, ஊர் முன்னால் குத்திக் கிழிக்கவா? ஸெலி இதை அடுப்பு மூட்டும்போதும் மணி அடிக்கும்போதும் நினைத்துக்கொண்டே இருந்தாள். கேட்டிருக்கலாம். நாலு வீடு தள்ளித்தான் இருந்தாள் தங்கை. ஆனால் கேட்கப் போய் நின்றால் முட்டை வாங்கிக்கொண்டுதான் திரும்பி வருவாள்.

கடைசியில் அவளும் ஒரு பனிக்காலத்தில்தான் படுத்தாள். அதே மார்ச்சளி. எர்னெஸ்தின் கூப்பிடாமலே வந்தாள். அதற்குள் அவளும் கிழவி, கோலூன்றி வந்தாள். கையில் ஒரு கிண்ணமும் பழுப்பேறிய ஒரு கைக்குட்டையும் இருந்தன. மேஜையில் வைத்து முடிச்சை அவிழ்த்தாள். வெள்ளை ஒயினில் தூளைக் கொட்டி, தண்ணீர் விட்டு, கரண்டியால் கலக்கினாள்.

"எர்னெஸ்தின்" என்றாள் ஸெலி. "அன்னைக்கு அந்த ஆளுகிட்ட ஏன்டி அப்படிச் சொன்ன?"

எர்னெஸ்தின் கலக்குவதை நிறுத்தவில்லை. "நாலு பேரு முன்னால ஒரு தடவையாவது அது அப்படித்தான் நடந்துச்சுன்னு சொல்லிப் பாக்கணும்னு இருந்துச்சு, அக்கா. வேற ஒண்ணும் இல்ல."

அவள் ஸெலியின் தலையைத் தூக்கிக் கிண்ணத்தை உதட்டில் வைத்தாள். ஸெலி குடித்தாள். பல்லில் மணல் நறநறத்தது. காய்ச்சல் இறங்கப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். இருந்தும் எர்னெஸ்தின் கிண்ணத்தின் அடியில் தங்கியதை விரலால் வழித்து அவள் வாயில் வைத்தாள்.

"இதைத்தானடி நீ கேட்ட" என்றாள் ஸெலி. கண்ணீர் காதுக்குள் ஓடியது. "இவ்வளவுதானே கேட்ட."

"ஆமா" என்றாள் எர்னெஸ்தின். "இவ்வளவுதான் கேட்டேன்."